மழை கழுவாத புகை

மாணவர்களே, ஐ.பி.யு. எண் ஏறுவதைப் பார்த்து நீங்கள் எப்போதாவது மகிழ்ந்ததுண்டா? நான் மகிழ்ந்திருக்கிறேன்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11, வியாழக்கிழமை. அப்போது நான் படிவம் மூன்று. பி.எம்.ஆர். தேர்வுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. எங்கள் வீடு கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். காலையில் கதவைத் திறந்தால் எதிர் வீடு தெரியவில்லை. அன்று கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது. அரசாங்கம் இரண்டு இடங்களிலும் அவசரநிலையை அறிவித்தது. பள்ளி இல்லை என்றதும் நானும் என் தோழிகளும் துள்ளிக் குதித்தோம்.

என் தம்பி குதிக்கவில்லை. அவனுக்கு இளைப்பு நோய். அம்மா ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி வைத்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்று தம்பி இரவெல்லாம் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். 13ஆம் தேதி அவசரநிலை நீக்கப்பட்டது. சில நாள்களில் வானம் வெளுத்தது. எல்லாரும் ஜன்னலைத் திறந்தோம். அப்பா வழக்கம்போல் மாலையில் முற்றத்தைக் கூட்டி, இலை தழையோடு பிளாஸ்டிக் பைகளையும் சேர்த்து வீட்டுக்குப் பின்னால் எரித்தார். அந்த மாதிரி இரவுகள் சிலவற்றிலும் தம்பி இளைத்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. புகைமூட்டம்தான் முடிந்துவிட்டதே!

இன்று நான் புஞ்சாக் ஆலாமில் அறிவியல் கற்பிக்கிறேன். இருபது ஆண்டுகள் கழித்தும் அதே பழக்கத்தை என் மாணவர்களிடம் பார்க்கிறேன். புகை கண்ணை எரிக்கும்போது காற்றைப் பற்றிப் பேசுகிறோம். மழை பெய்ததும் மறந்துவிடுகிறோம். இது தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. காற்றில் நமக்கு மிக அதிகக் காலம் தீங்கு செய்வது கண்ணுக்குத் தெரியாதது. அதை மழை கழுவாது.

மண்ணே எரியும் ஊர்

“புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது?” என்று வகுப்பில் கேட்டால், பதில் ஒரே குரலில் வரும்: “இந்தோனேசியா, டீச்சர்!”

பாதி சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து நம் கரைக்கு வீசுகிறது. அங்கே காடும் நிலமும் எரிந்தால் புகை இங்கே வந்து சேரும். 1997இல் சரவாக்கின் கூச்சிங்கில் குறியீடு 839 வரை ஏறி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூன் மாதத்தில் ஜொகூர் மூவாரில் 746. 2015இலும் 2019இலும் பள்ளிகள் மூடப்பட்டன. 2019இல் நீங்கள் தமிழ்ப்பள்ளியில் முகக்கவரி அணிந்து நின்றது நினைவிருக்கலாம்.

மற்றப் பாதியை நாம் சொல்வதில்லை. கிள்ளானில் ஜொஹான் செத்தியா என்னும் பகுதி இருக்கிறது. சுமத்ராவில் பெரிய தீ இல்லாத நாள்களிலும் அங்கே குறியீடு ஏறியிருக்கிறது. காரணம், அங்குள்ள நிலமே எரிந்ததுதான்.

மண் எப்படி எரியும்? அது சாதாரண மண் அன்று. மலாயில் ‘தானா கம்புட்’ என்பார்கள். தமிழில் கரிமண் என்று சொல்லலாம். சதுப்புக் காட்டில் விழும் இலையும் கிளையும் வேரும் நீருக்கடியில் கிடக்கின்றன. அங்கே உயிர்வளி மிகக் குறைவு. அதனால் அவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்யும். மட்குவதைவிடச் சேர்வது அதிகம். ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் குவிந்ததே கரிமண். காய்ந்த கரிமண்ணின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அடுப்புக் கரியைப் பற்றவைப்பது எவ்வளவு எளிதோ, நீர் வடிந்த கரிமண்ணும் அப்படித்தான்.

நம் புஞ்சாக் ஆலாம் மேட்டு நிலம். ஆனால் வடக்கே பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டிப் போனால் ராஜா மூசா காட்டு ஒதுக்கீட்டுப் பகுதி வருகிறது. சுங்கை காராங் காட்டையும் சேர்த்தால் வட சிலாங்கூர் கரிமண் சதுப்புக் காடு சுமார் 81,000 ஹெக்டர். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்கு நீர் கொடுப்பதில் இந்தக் காட்டுக்குப் பங்கு உண்டு. மழைக்காலத்தில் நீரைப் பிடித்து வைத்து, வெயில் காலத்தில் மெல்ல விடும் கடற்பஞ்சு அது.

முன்பு இங்கே மரம் வெட்டியவர்கள், கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோகக் கால்வாய் தோண்டினார்கள். மரம் வெட்டுவது நின்ற பிறகும் கால்வாய்கள் இருந்தன. அவை இரவும் பகலும் காட்டின் நீரை வடித்தன. ஓரங்களில் பயிர் செய்ய வந்தவர்களும் நீரை வடித்தார்கள். மேல் மண் காய்ந்தது. பிறகு ஒரு சிகரெட் துண்டோ, நிலத்தைச் சுத்தம் செய்ய வைத்த ஒரு சிறு தீயோ போதும். கரிமண் தீ மேலே கொழுந்துவிட்டு எரியாது. வேர்களைப் பிடித்துக்கொண்டு மண்ணுக்குள் நகரும். பொம்பா வீரர்கள் ஓரிடத்தில் அணைத்தால், சில அடி தள்ளி இன்னோர் இடத்தில் புகை கிளம்பும். அணைக்கப் பல வாரங்கள் ஆவதும் உண்டு.

ஒரே தீ, இரண்டு விளைவு

இனி வேதியியலுக்கு வருவோம். பயப்படாதீர்கள், சமன்பாடு எழுதப் போவதில்லை.

போதிய உயிர்வளியோடு எரியும் கார்பன் கரிவளியாக, அதாவது கார்பன் டைஆக்சைடாக மாறும். கேஸ் அடுப்பின் நீலச் சுடர் இதற்கு நல்ல உதாரணம். உயிர்வளி போதாமல் புகைந்து எரிந்தால், எரிதல் முழுமை அடையாது. கார்பன் மோனாக்சைடு வரும், பாதி எரிந்த பல கரிமச் சேர்மங்கள் வரும், கணக்கற்ற நுண்துகள்கள் வரும். கரிமண் தீயும் குப்பைத் தீயும் இந்த இரண்டாவது வகை. அதனால்தான் சுடரே தெரியாத ஒரு தீ, ஊரையே மூடும் அளவுக்குப் புகை கக்குகிறது.

அந்த நுண்துகள்களில் நாம் மிகவும் அஞ்ச வேண்டியது பி.எம். 2.5. அதன் குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டருக்கு மேல் இராது. உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். அதன் குறுக்கே இந்தத் துகள்கள் கிட்டத்தட்ட 28 வரிசையாக நிற்கலாம். பெரிய தூசியை மூக்கு முடி பிடித்துவிடும், சளி வெளியே தள்ளிவிடும். இந்தத் துகள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கும். என் தம்பியை உட்கார வைத்தது இதுதான்.

ஆனால் இந்தத் துகளுக்கு ஆயுள் குறைவு. காற்றில் சில நாள்கள், மிஞ்சினால் ஓரிரு வாரங்கள் இருக்கும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

அதே தீயிலிருந்து கிளம்பிய கரிவளிக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது. மழை அதை அப்படிக் கழுவாது. கடலும் தாவரங்களும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில் ஒரு பங்கு பல நூற்றாண்டுகள் வளிமண்டலத்தில் தங்கும். 1997இல் இந்தோனேசியாவில் எரிந்த கரிமண்ணையும் காட்டையும் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2002இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அவ்வாண்டு உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்ததில் வெளியான கார்பனில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமமான அளவு அந்தத் தீயிலிருந்து மட்டும் வெளியேறியது என்று அது மதிப்பிட்டது. அந்தப் புகையை மழை கழுவிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கரிவளியில் ஒரு பங்கு இன்று நீங்கள் சுவாசிக்கும் காற்றிலும் இருக்கிறது.

போர்வை எப்படி வேலை செய்கிறது?

பாடநூலில் ‘கெசான் ரூமா ஹிஜாவ்’ என்று படித்திருப்பீர்கள். பசுமை இல்ல விளைவு. பல மாணவர்கள் இதை ஓசோன் படல ஓட்டையோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்து பூமி சூடாகிறது என்று தேர்வில் எழுதுகிறார்கள். அது வேறு, இது வேறு.

ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். வானம் தெளிந்து நட்சத்திரம் தெரியும் இரவில் விடியற்காலை குளிராக இருக்கும். மேகம் மூடிய இரவில் புழுங்கும். பகலில் சூடேறிய தரை, இரவில் அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்புகிறது. மேகமும் நீராவியும் அதில் ஒரு பகுதியைப் பிடித்துத் திரும்பக் கீழே அனுப்புகின்றன. கரிவளி செய்வதும் இந்த வேலைதான்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு உயிர்வளி. இவற்றின் மூலக்கூறுகளில் ஒரே வகை அணு இரண்டு இருப்பதால், தரையிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை இவை பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கரிவளியின் மூலக்கூறில் மூன்று அணுக்கள். அது வளையும், அசையும், அந்தக் கதிரை விழுங்கி எல்லாத் திசைக்கும் திருப்பி அனுப்பும். இந்த வாயுக்களே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 பாகை செல்சியஸாக இருந்திருக்கும். இவை இருப்பதால் சுமார் 15 பாகை. ஆகவே பசுமை இல்ல விளைவு நமக்கு எதிரி இல்லை. போர்வை தேவைதான். அதை மேலும் மேலும் தடிமனாக்குவதுதான் தவறு. ஹவாயின் மவுனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315 கரிவளியாக இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

இந்தத் துறையில் நீங்கள் அறிய வேண்டிய பெயர் ஒன்று உண்டு: வீரபத்திரன் இராமநாதன். மதுரையில் பிறந்தவர். பதினொரு வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போனார். அதுவரை தமிழில் படித்தவருக்கு அங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். ஆசிரியர் சொல்வது புரியாததால், எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வந்து, முதல் சில மாதங்கள் மலாய் வகுப்பில் விழித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, குளிர்பதனப் பெட்டி செய்யும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியிலிருந்து கசியும் வாயுவைக் கவனிப்பது அவர் வேலை. பின்னர் அமெரிக்கா சென்று வளிமண்டல ஆய்வில் இறங்கினார். குளோரோஃபுளோரோ கார்பன் எனப்படும் அதே வகை வாயுவின் ஒரு மூலக்கூறு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கரிவளி மூலக்கூறுகளின் அளவுக்கு வெப்பத்தைப் பிடிக்கிறது என்று 1975இல் காட்டினார். கண்ணுக்குத் தெரியாமல் கசியும் சிறிதளவு வாயுவும் பெரிய தீங்கு செய்யும் என்பதை உலகம் அப்போது அறிந்தது.

1999இல் அவர் இணைந்து தலைமையேற்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு, தெற்காசியாவையும் கடலின் பெரும்பகுதியையும் மூடிய பழுப்பு நிறப் புகைப்படலத்தை அளந்தது. அந்தப் படலம் வெயிலின் ஒரு பகுதியைத் தடுத்து, கடற்பரப்புக்கு வரும் ஒளியைக் குறைத்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். புகையில் உள்ள பல துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்புவதால், புகை இருக்கும்வரை தரை கொஞ்சம் குளிரும். குடை பிடித்தது போல. புகை கலைந்ததும் குடை போய்விடும். போர்வை மட்டும் அப்படியே இருக்கும். நாம் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த நாளில்தான், புகை மறைத்து வைத்திருந்த வெப்பம் முழுதாக வெளிப்படுகிறது.

‘இலையை எரித்தால் என்ன, டீச்சர்?’

ஒரு முறை வகுப்பில் திறந்தவெளி எரிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின் வரிசை மாணவன் ஒருவன் கை தூக்கினான். “இலையை எரித்தாலும் கரிவளி வரும். மட்கவிட்டாலும் கரிவளிதான் வரும். அப்புறம் எரித்தால் என்ன, டீச்சர்?”

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. மறுநாள் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கரிவளிக் கணக்கில் அவன் சொன்னது ஏறக்குறைய சரி. முற்றத்து மாமர இலையில் உள்ள கார்பன் சென்ற ஆண்டோ இந்த ஆண்டோ காற்றிலிருந்து மரம் எடுத்தது. எரித்தாலும் மட்கினாலும் அது காற்றுக்கே திரும்புகிறது. கரிமண்ணின் கார்பன் அப்படி அன்று. அது ஆயிரக்கணக்கான ஆண்டுச் சேமிப்பு. நிலக்கரி இன்னும் பல கோடி ஆண்டுச் சேமிப்பு. நம் பக்கத்துக் காப்பார் மின்நிலையம் நிலக்கரியை எரிக்கும்போதும், நீங்கள் விசிறியைப் போடும்போதும் அந்தச் சேமிப்புதான் கரைகிறது. எனவே மாமர இலையையும் கரிமண்ணையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அறிவியல் ஆசிரியை என்ற முறையில் இதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் கரிவளி மட்டுமே கணக்கு இல்லை. மட்கும் இலை புகையாது. எரியும் இலை புகையும். அந்தப் புகையில் நுண்துகள் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. பிளாஸ்டிக் பையும் சேர்ந்தால் இன்னும் நச்சு. சுமத்ராவின் புகை பல நூறு கிலோமீட்டர் பரவி, ஓரளவு நீர்த்துத்தான் உங்களிடம் வருகிறது. வீட்டுக்குப் பின்னால் எரியும் குப்பையின் புகை பத்தடி தூரத்தில் உங்கள் தங்கையின் மூக்குக்குள் போகிறது. தூரத்துத் தீ பெரிது. பக்கத்துத் தீ நெருக்கம். நுரையீரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இலையைக் குழியில் போட்டு மட்கவிடுங்கள் என்றேன். “எங்கள் வீட்டில் கேட்க மாட்டார்கள்” என்றான் அவன். அதுவும் உண்மைதான். ஆனால் பெரிய தோட்டங்களே மாறியிருக்கின்றன. முன்பு மறுநடவின்போது பழைய மரங்களை வெட்டிச் சாய்த்துத் தீ வைப்பார்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள், நாள் கணக்கில் எரிந்ததைச் சொல்வார்கள். 1989இல் கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் எரிக்காமலே மறுநடவு செய்யும் முறையை வணிக அளவில் கொண்டுவந்தது. சாய்த்த மரத்தைச் சீவி, வரிசையாகக் குவித்து, மட்கவிட்டு, மண்ணுக்கே உரமாக்கும் முறை அது. 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருது அதற்குக் கிடைத்தது. அந்த முறையிலும் சிக்கல் உண்டு. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, இளம் கன்றுகளைத் தாக்கும். அதற்காக மூடுபயிர் வளர்த்தார்கள், வண்டைப் பொறி வைத்துப் பிடித்தார்கள். மீண்டும் தீ வைக்கப் போகவில்லை. ஆயிரம் ஏக்கரில் முடிந்தது, அரை முற்றத்தில் முடியாதா?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் தெரியும். செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் குளம் இருக்கும். அதன் நாற்றம் காற்று வாக்கில் வீடு வரை வரும். குளத்தில் குமிழி கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குமிழியில் பெரும்பகுதி மீத்தேன். நாற்றம் மீத்தேனுடையது அன்று, கந்தகம் கலந்த வேறு வாயுக்களுடையது. மீத்தேனுக்கு மணமே இல்லை. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரிவளியைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது அது. ஆனால் ஏறக்குறைய 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் நம் நாட்டில் இருக்கின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகும்போது இதையும் நினையுங்கள்: நாறுவதைப் பற்றி எல்லாரும் புகார் செய்கிறோம், நாறாததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

200 ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா?

குறியீட்டு எண்ணை எல்லாரும் சொல்கிறோம். அது எதைச் சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. 50 வரை நன்று. 51 முதல் 100 வரை மிதம். 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது. 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது. 300க்கு மேல் அபாயம். 100ஐத் தாண்டினால் பள்ளியில் வெளிப்புற நடவடிக்கையை நிறுத்துவதும், 200ஐத் தாண்டினால் பள்ளியை மூடுவதும் வழக்கம்.

2018 வரை இந்தக் கணக்கில் பி.எம். 2.5 சேர்க்கப்படவில்லை. அதைவிடப் பெரிய, 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களே கணக்கில் இருந்தன. ஆக, 2005இல் நாங்கள் சுவாசித்த மிக நுண்ணிய துகளைத் தனியாக அந்த எண் காட்டவில்லை. துகளுக்கான கணக்கு 24 மணி நேரச் சராசரி. அதனால் இந்த நிமிடம் உங்கள் மூக்குக்கு எதிரே இருப்பதை அது அப்படியே சொல்லாது. அளக்கும் நிலையமும் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இல்லை.

அதற்காக எண்ணை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. அதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு, சுற்றுலாவுக்குப் பாதிப்பு வரும் என்ற அச்சத்தில், பல ஆண்டுகள் இந்த எண்கள் நம் நாட்டில் பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. 2005 ஆகஸ்டில், அந்தப் புகைமூட்டத்தின் நடுவில்தான், மீண்டும் வெளியிட முடிவு செய்தார்கள். இன்று சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் மணிக்கு மணி பார்க்கலாம். எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத உரிமை உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. அதைப் புகை வந்த நாளில் மட்டும் திறந்து பார்த்து, “நாளை பள்ளி உண்டா இல்லையா” என்று கேட்பதோடு முடித்துக்கொள்ளலாமா?

நான் கேட்பது மூன்று

முதலாவது, சாதாரண நாளில் அளந்து பாருங்கள். கோல சிலாங்கூர், ஷா ஆலாம், கிள்ளான் ஆகிய மூன்று நிலையங்களின் எண்ணைத் தினமும் ஒரே நேரத்தில் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் காற்று வீசிய திசை, மழை, நீங்கள் பார்த்த புகை இவற்றையும் எழுதுங்கள். ஒரு வெள்ளை அட்டையில் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசி, மழை படாத இடத்தில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். பி.எம். 2.5ஐ அது காட்டாது. ஆனால் பெரிய தூசியும் கரியும் எவ்வளவு விழுகிறது என்று காட்டும். மூன்று மாதம் எழுதினால், செய்தித்தாள் சொல்லாத சங்கதி ஒன்று உங்கள் நோட்டில் கிடைக்கும்.

இரண்டாவது, வீட்டில் எரிப்பதை நிறுத்தப் பேசுங்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளி எரிப்பு குற்றம். ஆனால் அப்பாவிடம் சட்டத்தைச் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். நான் என் அப்பாவிடம் சட்டம் பேசவில்லை. தம்பி எந்த இரவில் இளைத்தான், அன்று மாலை எரித்தோமா இல்லையா என்று நாள்காட்டியில் குறித்து வைத்துக் காட்டினேன். அது அறிவியல் ஆய்வு அன்று. ஒரு குடும்பத்தின் நாள்காட்டி, அவ்வளவுதான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் கொல்லையில் குழி தோண்டியிருந்தார்.

மூன்றாவது, கரிமண்ணை ஈரமாக வைத்திருப்பதை நம் ஊர்ப் பிரச்சினையாக நினையுங்கள். தீயே வைக்காவிட்டாலும், நீர் வடிந்த கரிமண் உயிர்வளி பட்டு மெல்ல மட்கிக் கரிவளியை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே தீயை அணைப்பது மட்டும் தீர்வாகாது. ராஜா மூசாவில் 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்வைரன்மென்ட் சென்டர் என்னும் அமைப்பும் உள்ளூர் மக்களும் சேர்ந்து பழைய கால்வாய்களுக்குத் தடுப்புக் கட்டி நீரைத் தேக்குகிறார்கள். காலியான இடங்களில் மரம் நடுகிறார்கள். பள்ளி மாணவர்களும் போய் நட்டிருக்கிறார்கள். தடுப்பு என்றதும் பெரிய அணையை நினைக்க வேண்டாம். மரக்கட்டையும் மண்மூட்டையும் வைத்துக் கட்டிய சிறு அடைப்புகள்தான் பல. நீர்மட்டம் மேலேறினால் தீக்கு இடமில்லை. இதைவிட மலிவான தீயணைப்பு வண்டி எதுவும் இல்லை.

“இந்தோனேசியா நிறுத்தினால்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். எல்லை தாண்டும் புகையைப் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை ஏற்று உறுதி செய்தது 2014இல். பன்னிரண்டு ஆண்டுகள். அந்த வேகம் எனக்கும் கோபம் தருகிறது. கேட்க வேண்டியதை நம் அரசாங்கம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நம் கொல்லையில் புகை எழும்பிக்கொண்டிருக்கும்போது, நம் கரிமண்ணில் நீர் வடிந்துகொண்டிருக்கும்போது, அடுத்த வீட்டை நோக்கி நீட்டும் விரலுக்கு வலு இருக்காது.

என் தம்பி இன்று பெரியவன். கிள்ளானில் வேலை செய்கிறான். வானம் வெளுத்திருக்கும் நாளிலும் காலையில் ஐ.பி.யு. பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவான். நாங்கள் கேலி செய்வோம். உண்மையில் எங்கள் வீட்டில் சரியான பழக்கம் அவனுடையதுதான்.

அடுத்த புகைமூட்டம் வரும்போது நீங்கள் படிவம் மூன்றில் இருப்பீர்களோ, எஸ்.பி.எம். எழுதிக்கொண்டிருப்பீர்களோ தெரியாது. பள்ளி மூடினால் கொஞ்சம் மகிழ்ச்சி வரத்தான் செய்யும், நான் திட்ட மாட்டேன். ஆனால் மழை பெய்து, வானம் நீலமாகி, எல்லாரும் முகக்கவரியைக் கழற்றும் அந்த நாளில் உங்கள் நோட்டை எடுத்து, அன்றைய எண்ணையும் எழுதுங்கள்.